மத்தியானக் காய்ச்சல்

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நான் ஆபீஸ் போனதும் இதுல கை வைக்கிறீங்களா?"

அப்பா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவில்லை. "உன் மாவு மில்லைத் தொட நான் யாருப்பா?"

ஹால் மூலையில் உறுமிக்கொண்டிருந்த மகனின் கம்ப்யூட்டருக்கு அவர் வைத்த பெயர் அது.

மகன் கார்ட்டூன் படம் செய்கிறவன். வேகம் போதவில்லை என்று கம்ப்யூட்டரை அதன் சக்திக்கு மீறி ஓட்டினான். அது கொதித்தது. பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றி அதோடு பொருத்திவிட்டான். அதிலிருக்கும் குளிரூட்டும் கேஸ், சிப்பின் மேல் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். பின்பக்கக் கம்பிச் சுருளில் மறுபடி திரவமாகி, அந்தச் சூட்டை வெளியே தள்ளும்.

நன்றாகத்தான் ஓடியது. இந்த வாரம்தான் வினை. காலையில் ஜில்லென்று இருக்கிறது. மத்தியானம் சூடேறித் தானாகவே அணைந்துவிடுகிறது. பகலெல்லாம் தானாக ஓடி முடித்திருக்க வேண்டிய படம், சாயங்காலம் வந்து பார்த்தால் பாதியில் நிற்கும். வெள்ளிக்கிழமை போட்டிக்கு அனுப்பியாக வேண்டும்.

மச்சானைக் கூப்பிட்டான். மனைவியின் அண்ணன், ஏசி மெக்கானிக்.

"கேஸ் கசிஞ்சிருக்குமா மச்சான்?"

மச்சான் மீட்டரை மாட்டிப் பார்த்தார். "கொஞ்சம்கூடக் குறையலை மாப்பிள்ளை."

"சிப்போட சரியா ஒட்டலையோ?"

கழற்றி, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதுசு தடவினார். ஃபேன் சுற்றியது. சுருளில் தூசி இல்லை. எங்கேயும் ஈரம் கோக்கவில்லை.

"மெஷின் மேல குத்தமே இல்லை. பின்னாடி சூடு வெளியே போகாம எதுவோ அடைக்குது. அதுவும் மத்தியானம் மட்டும்னா..." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "ஆள் வேலை."

மகன் அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தான். "எனக்கும் அதே சந்தேகம்தான். ரெண்டு மூணு நாளா, நான் கிளம்பும்போதெல்லாம் 'இந்தச் சனியனை அணைச்சுட்டுப் போயேன்'னு ஒரே புலம்பல்."

"கையும் களவுமா பிடிச்சுடலாம். நாளைக்கு மத்தியானம் லீவு சொல்லிட்டு வா."

மறுநாள் இருவரும் சாவி போட்டு, பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்கள்.

சந்தேகம் வீண் போகவில்லை. கம்ப்யூட்டர் தலையோடு காலாகக் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. யாருக்கும் இரவல் தராத அப்பாவின் கம்பளி. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது நழுவாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் வெப்பம் ஏறிக்கொண்டே இருந்தது.

"அப்பா!"

அவர் திரும்பவில்லை.

மகன் பாய்ந்து முன்னால் போய் நின்றான். "என் உழைப்பெல்லாம் போச்சேப்பா! வயசானவர்னு பார்த்தா இப்படியா பண்ணுவீங்க? அந்தச் சத்தம் உங்களை அவ்வளவா இம்சை பண்ணுது? இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கக் கூடாதா?"

அப்பா திடுக்கிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் துழாவி, காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்னப்பா சொன்னே? இதைக் கழட்டிட்டா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காதே."



மெஷின் மாட்டிய பிறகுதான் கம்ப்ரசரின் உறுமல் அவருக்குக் கேட்டது. அவசரமாகக் கம்பளியை இழுத்துச் சரிசெய்தார். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசு. இந்த வாரம் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றா. முதல் நாள் இந்தச் சத்தத்துல புரண்டு புரண்டு படுத்துட்டு, கடைசியில எழுந்து வந்து சமையல் ரூம்ல தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தா. உன்கிட்ட சொல்றேன்னேன். 'வேண்டாம் மாமா, அவர் ஆசை ஆசையா செஞ்சது, மனசு உடைஞ்சுடுவார்'னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அணைச்சா உன் படம் கெட்டுடுமோன்னு பயம். அதான் போர்த்தி விட்டேன். இப்படிச் சூடாகும்னு சத்தியமா தெரியாதுப்பா."

தங்கை அழுததைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார் மச்சான்.

மகன் கம்பளியை எடுத்து மடித்து அப்பாவின் மடியில் வைத்தான். ஸ்விட்சை அணைத்தான். அவனும் மச்சானுமாகக் கம்ப்யூட்டரைத் தூக்கி, படுக்கையறைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பின் பால்கனியில் வைத்து ஓட விட்டார்கள். திறந்த காற்றில் சூடு ஏறவே இல்லை. வீட்டுக்குள் சத்தமும் இல்லை.

"ஏன்ப்பா, இதை என்கிட்ட முதல்லேயே சொல்லியிருக்கலாமே?" என்றான் மகன்.

அப்பா மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இப்பவும் நீ ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. அவ எழுந்து கேட்டா, 'அப்பாதான் சத்தம் தாங்காம வெளியே தூக்கிப் போடச் சொல்லி ரகளை பண்ணார்'னு சொல்லிடு."