நாசரேத்துக்கு வழி

"யம்மா, நாசரேத்துக்கு எப்படிப் போகணும்?"

வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் நிமிர்ந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் வந்தவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நாசரேத்துக்கா? இந்த வெயில்லயா? நல்ல கூத்தா இருக்கே! முதல்ல நிழலுக்கு வாங்க அண்ணாச்சி."

ஜீவமணி இறங்கினார். தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து காலையிலேயே கிளம்பியவர். ஏரல் பாலம் தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராக மிதித்து வந்திருந்தார். கியர் வைத்த அந்த சைக்கிள், துபாயில் இருக்கும் மகன் பெவின் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. 'வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்கப்பா' என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மனைவி ஜாய் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் பேச்சுக்கு ஒரு ஆள் இல்லை. முந்தாநாள் கடையில் "பால் அரை லிட்டர் போதும்" என்றதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மனுசக் குரலுக்கு அப்படி ஏங்கிப்போயிருந்தார்.

ஆறுமுகத்தாய் செம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"நேரே போங்க. ஒரு வேப்பமரம் வரும். ஐயோ, அதைத்தான் வெட்டிட்டாவளே! சரி, வெட்டுன மரத்துக்கிட்ட இடக்கைப் பக்கம் திரும்பி, குளத்தங்கரையைப் பிடிச்சுப் போங்க. எம் மவன் சின்னப் பிள்ளையில அந்தக் குளத்துலயேதான் கிடப்பான். இப்பம் திருப்பூர்ல இருக்கான். பொங்கலுக்கு வந்தா உண்டு, இல்லன்னா அதுவும் இல்ல."

"வலக்கைப் பக்கமா?"

"இடக்கை அண்ணாச்சி! நல்லாக் கேட்டிய போங்க!"

சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள். அவர் இன்னொரு தடவையும் தப்பாகக் கேட்டார். இன்னொரு செம்பு மோர் வந்தது. அவர் ஜாயைப் பற்றிச் சொன்னார். அவள் செத்துப்போன புருஷனைப் பற்றிச் சொன்னாள். கோழி வந்து உளுந்தைக் கிளறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பேச்சு ஓய்ந்ததும் ஜீவமணி மனசில்லாமல் எழுந்தார்.

"போயிட்டு வாரேம்மா."

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

குளத்தங்கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த தளவாய் கையை நீட்டி மறித்தான்.

"எங்கன போறிய அண்ணாச்சி? நாசரேத்துக்கா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"ஆறுமுகத்தாயக்கா சொன்ன வழிதானே? அட போங்க! இந்தக் கரை குளத்தச் சுத்திக்கிட்டு மறுபடி அவ வீட்டு வாசல்லதான் கொண்டுபோய் விடும். வேணும்னேதான் சொல்லுதா. பாவம், ஒத்தையில கிடக்கா. வழி தப்பித் திரும்பி வந்தா இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம்லா! வாரவன் பூராவும் ஏசிட்டுல்லா போறான். வண்டியத் திருப்புங்க, மெயின் ரோட்டக் காட்டுதேன்."

ஜீவமணி வண்டியைத் திருப்பவில்லை.

"இடக்கைன்னு சொன்னப்பமே எனக்குத் தெரியும் தம்பி. நான் பிறந்து வளர்ந்ததே நாசரேத்துலதான்" என்றார். "ஆனா, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுல்லா வந்திருக்கேன்!"

குளத்தைச் சுற்றிக்கொண்டு வேகமாக மிதிக்கத் தொடங்கினார்.