செவிக்கல் சொன்ன கடல்

செலஸ்தீனா மூன்றாவது கத்தாளை மீனின் தலையையும் பிளந்து, உள்ளே காதோரம் இருந்த செவிக்கல்லைக் கழுவிச் சோதனைக் கருவியின் தட்டில் வைத்தாள். எவ்வளவு சூடான தண்ணீரில் மீன் வளர்ந்தது என்பதை அந்தக் கல்லிலுள்ள ஆக்சிஜன் காட்டிக்கொடுத்துவிடும். கடலைவிடச் சூடான குளங்களில் வளரும் பண்ணை மீனைக் கடல் மீன் என்று விற்பவர்களைப் பிடிக்கத்தான் தூத்துக்குடி ஏலக்கூடத்தில் இந்தக் கருவியை வைத்திருந்தார்கள். எந்த மகராசன் யோசனையோ!

இந்த முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“முப்பத்திமூணு டிகிரி. குளத்து மீன்தான், அக்கா,” என்றான் சோதனை அலுவலன் தயாபரன். “மூணு தடவை ஆயிட்டு. இனி படகு உரிமம் ரத்துதான்.”

“குளத்துல மீன் புடிக்க எவனாவது நாலு நாளு டீசல் எரிச்சுட்டுப் போவானா, தம்பி? எங்க வீட்டுக்காரரு மேலெல்லாம் உப்புக் கொப்புளத்தோட வந்து கெடக்காரு. அவர வேணா இந்தத் தட்டுல ஏத்தி வச்சுப் பாருங்க.”

பக்கத்துக் கடைக்காரரின் மீனுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அது குளிரூட்டிய தொட்டியில் வளர்ந்த பண்ணை மீன் என்பது கூடம் முழுக்கத் தெரியும். செலஸ்தீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தயாபரன் குரலைத் தாழ்த்தினான். “நான் என்னக்கா செய்ய? கடல்னா இருபத்தெட்டு டிகிரின்னு அம்பது வருசத்துக்கு முன்னால அளந்து வச்சதுதான் இன்னும் சட்டம். கருவிக்கு அந்தக் கடலத்தான் தெரியும்.”

அவள் கத்தியைத் தட்டில் போட்டாள்.

“அந்தக் கடலு எந்தப் பக்கம் இருக்குன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க, தம்பி. உரிமத்தப் புடுங்குறதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரர அங்க ஒரு நடை அனுப்பி வைக்கேன்.”