வெள்ளாடு தேர்ந்தெடுத்த பலகை

பின்னங்கால் விளங்காத கரியன் என்ற நாய்க்கு அன்று ஊசி போட்டாக வேண்டும். மருத்துவமனைப் படிகளில் அவனுடைய சக்கரவண்டி ஏற ஒரு சாய்வுப் பலகை தேவைப்பட்டது. ஏறுவதில் கெட்டிக்காரி என்று வெள்ளாட்டிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு பலகைகள் இருந்தன. வெள்ளாடு நீளப் பலகையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குட்டைப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து, நாலு தரம் ஏறி இறங்கியது.

“மூச்சுகூட வாங்கலை. இதுதான் சரி.”

“அக்கா, ஒரு தடவை என் வண்டியில உக்காந்து ஏறிப் பாருங்களேன்,” என்று கரியன் இறங்கிக்கொண்டான்.

வெள்ளாடு வண்டியில் உட்கார்ந்து முன்னங்கால்களால் உந்தியது. பாதிப் பலகையில் வண்டி பின்னால் உருண்டு, தெருக் குப்பைத்தொட்டியில் மோதிக் கவிழ்ந்தது.

இனி நீளப் பலகைதான் என்று கரியனுக்கு நிம்மதி வந்தது.

வெள்ளாடு எழுந்து, கொம்பில் சிக்கிய வாழையிலையை இழுத்து மென்றது.

“பலகையில ஒரு குறையும் இல்லை தம்பி. நீ வேற வண்டி பாரு.”