வால் நுனி

கடப்பாக்கத்தில் காலை வெயில் வலைக்குவியலின் மேல் விழுகிறது. வலையை உதறியபோது விழுந்த பென்சில் தடிமனே உள்ள பாம்புக்குட்டியைத் தேவசகாயம் வால் நுனியைப் பிடித்துத் தூக்குகிறான். படகில் வலையோடு வரும் கடல் பாம்புகளை அப்படித்தான் தினமும் தூக்கித் தண்ணீரில் எறிகிறான். அவை ஈரத்துணிபோலத் தொங்கும்.

"ஐயோ, தூரப் போடுய்யா!" வாசலில் நிற்கும் மனைவி ஜெசிந்தா கையிலிருந்த முறத்தோடு பின்வாங்குகிறாள்.

"நேத்துதான் முட்டைய வுட்டு வந்துக்கீது. இன்னா பண்ணிடப் போவுது?" என்று சிரிக்கிறான்.

குட்டி தொங்கவில்லை. தன் உடம்பையே கயிறாகப் பற்றி அவன் விரலை நோக்கி ஏறுகிறது. கட்டைவிரல் நகமளவு படம் விரிகிறது. மெல்லிய சீறல் கேட்கிறது. அவன் சிரிப்பு உதட்டிலேயே காய்கிறது. கீழே போடக் குனிந்து பார்க்கிறான். அவனுடைய வெறுங்கால்கள் இரண்டும் உதறிப் போட்ட வலைக்குள் சிக்கியிருக்கின்றன.