காரியத்துக்கு ஒரு வயலின்

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் ஓடவிட வீடியோ வேண்டுமென்று சித்தப்பா என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். அக்கா வயசுக்கு வந்தபோது நடந்த சடங்கை வீடியோ எடுத்த அதே ஜெரால்டு அண்ணன்தான். அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அக்கா, அன்று மண்டபத்தில் ஓடிய சினிமாப் பாட்டைக் கூடவே பாடுகிறாள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, ஏதோ படத்தில் அம்மா சாகும்போது வரும் வயலினைப் போட்டிருந்தார்.

“இதுக்கு அழாத ஆளே கிடையாது சார். நம்ம ஏரியாவுல எல்லாச் சாவுக்கும் இதான்.”

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உள்ளே மரத்துக் கிடந்தது. அக்காவின் உதடுகளையே பார்த்தேன். வயலின் இழுத்து இழுத்து அழ, அவை வேகவேகமாக, சிரிப்போடு அசைந்தன.

“அண்ணே, அவ பாடுற பாட்டையே போடுங்களேன்.”

“காரியத்துல குத்துப்பாட்டா? சும்மா இருடி,” என்றார் சித்தப்பா. “ஆனா வாய் அசையுறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு, தம்பி.”

“அதுக்கென்ன சார், மறைச்சிடலாம்.”

ஜெரால்டு அண்ணன் ஒரு ரோஜாப்பூவைக் கொண்டுவந்து அக்காவின் வாய்மேல் வைத்தார். சின்னதாக இருந்தது. பெரிதாக்கினார். இப்போது தோள்கள் மட்டும் அந்தக் குத்துப்பாட்டின் தாளத்துக்குக் குலுங்கிக்கொண்டிருந்தன.

சித்தப்பா கிட்டே குனிந்து பார்த்தார்.

“அவளே அழற மாதிரி இருக்கு. அப்படியே விடுங்க.”