முதலை வேடம் போட்ட பல்லி

ஆன்லைனில் வேடம் போட்டு ஆடும் விளையாட்டு ஒன்றை அணில் கதை சொல்லி நடத்தியது. பல்லி முதலையாகவும் ஓணான் படகோட்டியாகவும் ஆடின. ஆட்டம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் நட்சத்திரம் போட வேண்டும். நட்சத்திரம் குறைந்தால் வெளியே போக வேண்டியதுதான். ரொம்ப நியாயமான ஏற்பாடு!

"வேடன் அம்பு விட்டான், முதலை செத்தது" என்றது அணில்.

"நான் சாகிறதா? உனக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான்!" என்று சீறியது பல்லி.

அணில் உடனே கதையை மாற்றியது. "அவசரப்படாதீங்க அண்ணே. அம்பு பாதி வழியில நின்னு, மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

"இதுதான்யா கதை! பிடி, ஐந்து நட்சத்திரம்!"

அணிலும் பதிலுக்கு ஐந்து போட்டது.

"அப்போ வேடன் எதுக்குத்தான் வந்தான்?" என்று கேட்டது ஓணான்.

இரண்டும் சேர்ந்து ஓணானுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு வெளியே அனுப்பின. காரணம்: "கற்பனை வளம் போதாது."