நிம்மதிப் பால்

எங்கள் மயிலைப் பசுவின் கழுத்தில் பால் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்ட ஒரு பட்டை இருக்கிறது. மாடு நிம்மதியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் இயற்கைப் பாலுக்கான கூடுதல் விலை கிடைக்கும். ஒருமுறை சிவப்பு வந்துவிட்டால் ஆறு மாதத்துக்குச் சாதாரண விலைதான். அது மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கக்கூடக் காணாது. அதனால் நானும் என் மனைவி தாரணியும் சண்டை போடுவதென்றாலும் பஸ் ஸ்டாப் வரை நடந்து போய்த்தான் போடுவோம்.

நேற்றுக் காலை நான் பால் கறந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, எங்கண்ணன் போயிட்டாருங்க!"

அவள் அலறுவதற்குள் ஓடிப்போய் வாயைப் பொத்தினேன்.

"மாடு நிக்குது தாரணி. பால் வண்டி வந்துட்டுப் போகட்டும், பொறுத்துக்க."

என் கையைத் தள்ளிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நான் விளக்கைப் பார்த்தபடி மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சத்தமில்லாமல் பால் வாளியை எடுத்தாள். மயிலை தலையைத் திருப்பி அவள் கையை முகர்ந்து பார்த்தது. பிறகு தொண்டை கிழியக் கத்தியது. விளக்கு சிவப்பாக மாறியது.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்றாள் பயந்துபோய்.

"தெரியும். அது கெடக்குது, விடு. நீ இங்கயே அழுவு."

அவளுக்கு அழுகை வரவில்லை. மாடுதான் கத்திக்கொண்டிருந்தது.